முதல் படிவத்துக்கு முன்பே லாயரைப் பாருங்கள்

வணக்கம். புகலிடம் கேட்டிருப்பவர்களும் அவர்களுக்குத் துணையாக நிற்கும் உறவினர்களும் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். முதல் படிவத்தை நிரப்பும் முன்பே, அகதி வழக்குகளில் பழக்கமுள்ள ஒரு லாயரைப் பாருங்கள். கேஸ் தோற்ற பிறகு ஓடினால் பாதி வேலை கைமீறிப் போயிருக்கும்.

முதலில் நீங்கள் எழுதிக் கொடுத்ததும் முதல் நேர்காணலில் சொன்னதும் கோப்பில் அப்படியே இருக்கும். பின்னால் விசாரணையில் சொல்வதை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒரு கைதைச் சொல்லாமல் விட்டிருந்தால், "அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?" என்று கேட்பார்கள். பட்ட அடியை நினைத்துப் பார்க்கவே முடியாதவர் அதைத் தேதிவாரியாக எப்படிச் சொல்வார்? உண்மையாகத் துன்பப்பட்டவரே இங்கே பொய்யர் போலத் தெரிந்துவிடும் ஆபத்து இருக்கிறது. எனக்கு இதுதான் பெரிய கவலை.

யாரை அகதி என்று ஏற்பது என்பதற்கு, நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை ஐந்து காரணங்களைச் சொல்கிறது: இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து. இவற்றில் ஒன்றால் வந்த பயம்தானா என்று பார்ப்பார்கள். "அங்கே இருக்கப் பயமாக இருந்தது" என்பது மட்டும் போதாது. தேடி வந்தது யார்? சீருடையிலா, சாதாரண உடையிலா? எதற்காகத் தேடினார்கள்? பிடித்து வைத்திருந்தால், யார் பேசி உங்களை வெளியே எடுத்தார்கள்? நாட்டின் வேறு பகுதிக்குப் போய் ஏன் வாழ முடியாது? நல்ல லாயர் இப்படிக் குடைந்து குடைந்து கேட்பார். கோபப்படாதீர்கள். அதிகாரி கேட்பதற்கு முன்னால் உங்கள் பக்கத்து ஆள் கேட்டுவிடுவது நல்லது.

உடம்பில் தழும்பு இருந்தால் லாயரிடம் காட்டத் தயங்க வேண்டாம். சித்திரவதைக் காயங்களை எப்படிப் பரிசோதித்துப் பதிய வேண்டும் என்பதற்கு இஸ்தான்புல் நெறிமுறை என்று ஒன்று இருக்கிறது. அதில் பயிற்சி பெற்ற மருத்துவர் தழும்பின் அளவு, வடிவம், இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, நீங்கள் சொல்லும் காரணத்தோடு அது எவ்வளவு பொருந்துகிறது என்று எழுதுவார். கேஸில் அந்த அறிக்கைக்கு நல்ல எடை உண்டு. மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று யோசிக்கவே அனுபவமுள்ள ஒருவர் வேண்டும்.

அப்புறம், ஏஜென்ட்கள். "இந்தக் கதையைச் சொன்னால் கிடைத்துவிடும்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அதே கதையை இன்னும் பலருக்கு விற்றிருப்பார். பிடிபட்டால் உங்கள் உண்மையும் சேர்ந்து போய்விடும். கேஸை எடுத்து நடத்துகிறவரிடம் அதற்கு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். வசதியில்லாதவர்களுக்குப் பல நாடுகளில் இலவசச் சட்ட உதவி உண்டு. ஐ.நா. அகதிகள் ஆணையம் எந்தச் சேவைக்கும் காசு வாங்குவதில்லை.

போலிப் பாஸ்போர்ட்டில் வந்ததை லாயரிடமே மறைக்கிறவர்கள் உண்டு. வேண்டாம். ஆபத்திலிருந்து நேராக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் போய் நியாயமான காரணம் சொல்பவரை, சட்டவிரோதமாக நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்று அதே உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் லாயருக்கு எல்லாம் தெரிந்தால்தான் அதை எடுத்துப் பேச முடியும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன், எழுதியதை முழுக்கத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் பேசுவது புரியவில்லை என்றால் உடனே சொல்லிவிடுங்கள். மறுப்புக் கடிதம் வந்தால் மேல்முறையீட்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சில நாட்கள் அல்லது சில வாரங்கள்தான். அதனால் கடிதம் கைக்கு வந்த அன்றே லாயரைக் கூப்பிடுங்கள்.

சரி, இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். கேஸ் விவரத்தை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டாம். கூட்டம் முடிந்ததும் தனியாக வந்து பேசலாம்.