முதல் காட்சிக்கு முந்துகிறவர்கள்

வணக்கம், நேயர்களே. சினிமாவைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று நிலையத்தில் கூப்பிட்டார்கள். நான் விமர்சகன் இல்லை. கோலாலம்பூரில் காசு கொடுத்துப் படம் பார்க்கிற ஆள், மிச்ச நேரத்தைக் கைப்பேசியில் தொலைக்கிற ஆள். அந்தத் தகுதியே போதும் என்றார்கள், வந்துவிட்டேன்.

முதலில் மலேசியத் தமிழர்களான நம் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2023 தொடங்கிப் பெரிய நடிகர் படத்துக்கும் விடியற்காலை நாலு மணிக் காட்சிக்கு அனுமதி கிடைப்பதில்லை. அங்கே முதல் காட்சி காலை 9 மணிக்கு. அப்போது நமக்கு மணி 11.30. அதற்குள் இங்கே ஒரு கூட்டம் படத்தைப் பார்த்து முடித்து, மாமாக் என்கிற இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து தே தாரிக் டீ சொல்லி, "இடைவேளைக்கு அப்புறம் இழுவை" என்று தீர்ப்பும் எழுதியிருக்கும். சென்னையில் இருக்கிற சித்தி மகன் எனக்குச் செய்தி அனுப்புவான்: "அண்ணே, படம் எப்படி? கதையை மட்டும் சொல்லிடாதீங்க." படம் எடுத்த ஊர்க்காரன் நம்மிடம் கேட்கிறான் பாருங்கள். அதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் அவன் என்னிடம் கெஞ்சிப் பயனில்லை. நான் சொல்லாவிட்டாலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் சொல்லிவிடும். கதாநாயகன் திரையில் தலை காட்டியதும் எனக்கு முன்னால் இருக்கிற வரிசையில் கைப்பேசிகள் வரிசையாக எழும். அவ்வளவு பெரிய திரைக்குக் காசு கட்டிவிட்டு, உள்ளங்கை அளவுத் திரையில் அதைப் பார்க்கிறார்கள். திரையரங்குக்குள் படத்தைப் பதிவு செய்வது குற்றம் என்று 2012இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது. குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம், சிறையும் உண்டு. ஒரு ஸ்டேட்டஸுக்கு இவ்வளவு விலையா என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. "தம்பி, கையைக் கீழ போடுப்பா" என்று தோளைத் தட்டிச் சொல்வதோடு என் சட்ட அமலாக்கம் முடிந்துவிடும்.

சரி, இப்போது கொஞ்சம் குறை சொல்லப் போகிறேன்.

2016 ஜூலையில் 'கபாலி' வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நம் ஊரில் நடக்கிற கதை, தோட்டத்திலிருந்து வந்த மனிதன், நம் குண்டர் கும்பல்கள். அந்த முடிவைப் பற்றிச் சென்னையில் ரொம்ப நாள் பட்டிமன்றம் நடந்தது. கபாலியைச் சுட்டார்களா, அவர் செத்தாரா என்று. நமக்கு அந்த வம்பே இல்லை. இங்கே ஓடிய பிரதியில், அவர் போலீசில் சரணடைந்துவிட்டார் என்று எழுத்துப் போட்டு நம்மை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்! அந்தப் படத்துக்கு டிக்கெட் வாங்க என்னவெல்லாம் செய்தோம். அலுவலகத்தில் திடீர்க் காய்ச்சல், பள்ளிக்கூடத்தில் திடீர் வயிற்றுவலி.

அதற்கு ஏழு மாதம் முன்னால், 2015 டிசம்பரில், இன்னொரு படம் வந்தது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்'. தொண்ணூறுகளின் தொடக்கம், தோட்டத்தை விட்டு வெளியே வந்து புறம்போக்கில் வீடு கட்டிக்கொண்ட குடும்பங்கள், அப்போய் என்று ஒரு குறும்புக்காரப் பையன். அவன் எப்படிக் கும்பல் பக்கம் நகர்கிறான் என்பதுதான் கதை. ஆர்ப்பாட்டம் இல்லை, அப்பனின் பிரம்படி உண்டு. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில், வேறு மொழிப் படங்களைத் தனிப் பிரிவில் வைத்ததற்குப் பெரிய சர்ச்சை கிளம்பி, மலாய்க் கலைஞர்களே எதிர்த்துக் குரல் கொடுத்து, ஏற்பாட்டை மாற்றினார்கள். சிறந்த மலேசியப் படம் என்ற விருது அந்தத் தமிழ்ப் படத்துக்குப் போனது. விருது செய்தி வந்ததும் எல்லாக் குடும்பக் குழுக்களிலும் வாழ்த்துப் பறந்தது. "நம்ம படம்!" என்றார்கள். தியேட்டரில் பார்த்தாயா என்று என் வட்டத்தில் கேட்டுப் பார்த்தேன். "அப்போ வேலை லா, அண்ணே." "டிவியில போடுவாங்கன்னு விட்டுட்டேன்."

சென்னைப் படத்துக்குக் காய்ச்சல் வருகிற உடம்புக்கு உள்ளூர்ப் படம் என்றால் எப்படியோ வேலை வந்துவிடுகிறது.

உள்ளூர்ச் சரக்கு என்றாலே நாம் மதிக்க மாட்டோம் என்றும் சொல்ல முடியாது. 2006இல் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் 'வல்லவன்' இசைத்தொகுப்பைக் கொண்டுவந்தபோது எந்தக் கல்யாண மண்டபத்தில் அது ஒலிக்கவில்லை? 1980இல் வந்த 'மடை திறந்து' பாட்டை எடுத்து அவர்கள் செய்த வேலை சென்னைப் பையன்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. தமிழில் ராப் பாட முடியும் என்று அங்கே நிறையப் பேருக்குக் காட்டியவர்கள் நம் ஊர்க்காரர்கள். இப்போதும் டிக்டாக்கில் உள்ளூர் நகைச்சுவைக்காரர்களை நாம் விடாமல் பகிர்கிறோம்.

பாட்டு தானாக வந்து காதில் விழும். ரீல்ஸ் படுக்கையிலேயே கிடைக்கும். படம் அப்படி இல்லை. வண்டியை எடுக்க வேண்டும், பார்க்கிங் தேட வேண்டும், பாப்கார்ன் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டும். டிரெய்லரைப் பகிர்ந்தவுடனேயே ஆதரவு கொடுத்தாகிவிட்டது என்ற திருப்தி வந்துவிடுகிறது. அந்தத் திருப்திதான் டிக்கெட்டைக் கெடுக்கிறது என்பது என் கட்சி. 2005 முதல் கட்டாயத் திரையிடல் திட்டம் என்று ஒன்று இருப்பதால் உள்ளூர்ப் படத்துக்கு இரண்டு வாரம் திரை கிடைக்கிறது. பிற்பகல் காட்சியில் நாலு பேரோடு உட்கார்ந்து படம் பார்த்தவர்களுக்குத் தெரியும், திரை மட்டும் கிடைத்து என்ன ஆகிறது என்று.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற சிலர் இப்போது முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. "உள்ளூர்ப் படம் நல்லா இருந்தா பார்க்க மாட்டோமா?" நியாயமான கேள்வி. பல படங்கள் நன்றாக இல்லை. கிள்ளானில் நடக்கிற கதைக்கு மதுரை அரிவாள் எதற்கு? பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த பையன் கோடம்பாக்கத்து வசனத்தை ஏன் பேச வேண்டும்? கதாநாயகன் மெதுவாக நடந்து வருவதையே ஐந்து நிமிடம் காட்டினால், அதை இன்னும் பெரிய செலவில் செய்கிறவர்களிடமே போய்விடலாமே. விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் வீட்டில் ஒரு நாள் எப்படி விடிகிறது என்று யாராவது படம் எடுங்களேன். அந்த வரிசையில் நிற்கிற மனிதனை வேறு எந்த ஊர்க்காரனும் நமக்காக எழுதிக் கொடுக்கப் போவதில்லை.

படம் எடுக்கிறவர்களிடம் இன்னொரு வேண்டுகோளும் உண்டு, ரொம்பச் சின்னது. உங்கள் போஸ்டரில் ஏழு ஆதரவாளர்களின் சின்னம் இருக்கிறது, சிறப்பு விருந்தினர் பெயர் இருக்கிறது. எந்தத் தியேட்டரில், எத்தனை மணிக்கு என்பது மட்டும் இல்லை. அதை ஒவ்வொரு ஆப்பாகத் திறந்து தேடிக் கண்டுபிடிக்கிற பொறுமை எனக்கு உண்டு, ஏனென்றால் எனக்கு வேறு வேலை இல்லை. என் அக்காவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. வெள்ளிக்கிழமை ராத்திரி சமையல் முடித்துவிட்டு, "எங்கடா ஓடுது அந்தப் படம்?" என்று ஒரு தடவைதான் கேட்பார். பதில் உடனே வராவிட்டால் டிவியைப் போட்டுவிடுவார்.

நன்றி, வணக்கம்.