எலி தின்ற நெல் எங்கே போனது?

மைக் கொஞ்சம் இரைகிறது, பின்வரிசையில் கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள்.

நேராக எலி வளைக்கே வந்துவிடுகிறேன். சம்பா அறுப்பு முடிந்து வரப்பை வெட்டினால் உள்ளே கதிர் கதிராகச் சேர்த்து வைத்திருக்கும், சின்ன வயதில் அதைக் கோணியில் அள்ளியவர்கள் இங்கே பாதிப் பேர் இருப்பீர்கள். அந்த வளைக்காரனைப் பிடித்துத் தராசில் போட்டால் கால் கிலோ தேறினால் பெரிசு. தின்றதெல்லாம் எங்கே?

கொஞ்சம் புழுக்கையாகப் போனது. மிச்சத்தில் பெரும்பகுதி சூடாகப் போனது. எலிக்கு மார்கழிப் பனியிலும் உடம்பு கதகதவென்று இருந்தாக வேண்டும், அதனால் ஓடினாலும் சும்மா கிடந்தாலும் உள்ளே அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். செரித்ததில் புதுச் சதையாகவும் குட்டியாகவும் மாறுவது நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பங்குதான். சாரைப்பாம்புக்கு அந்த அடுப்புச் செலவு இல்லை. வெயிலில் கிடந்து சூடேறிக்கொள்ளும், அதனால் செரித்ததில் கூடுதல் பங்கு உடம்பில் ஒட்டும்.

‘உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒன்றுதான் மேலே போகும்’ என்று பள்ளியில் படித்தோமே, அது குத்துமதிப்பான சராசரி, அவ்வளவுதான். அமெரிக்காவில் ரேமண்ட் லிண்டேமன் என்ற இளைஞர் ஒரு சின்ன ஏரியை வைத்து இந்தக் கணக்கைத் தொடங்கினார். கட்டுரையை முதலில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். 1942இல் அது அச்சில் வந்தபோது அவர் உயிரோடு இல்லை, இறந்தபோது வயது 26.

சரி, அந்தச் சராசரியையே நம் வயலில் வையுங்கள். விழுகிற வெயிலில் பயிர் பிடித்து வைப்பதே நூற்றுக்கு ஒன்று இரண்டுதான். அதை ஆயிரம் என்று வைத்தால் எலிக்கு நூறு, பாம்புக்குப் பத்து, பாம்பைத் தூக்கும் மயிலுக்கு ஒன்று. மேலே போகப் போக ஆள் குறைவது இதனால்தான். ஒரு கூகை பிழைக்க ஒரு மா நிலத்து எலி போதாது, பல வேலி நிலம் வேண்டும். தென்னை மட்டையைத் தலைகீழாக ஊன்றி அதற்கு இடம் போட்டுக் கொடுத்துவிட்டு, அதே வயலில் எலி மருந்தும் வைக்கிறோம்! மருந்து தின்ற எலியைத் தின்று இரண்டு கூகை செத்தால் அந்தப் பக்கத்துக்கே கூகை இல்லை. எலியோ மூன்றே வாரம் சுமந்து அடுத்த ஈடு குட்டி போட்டுவிடும்.

அப்புறம் குளம். இங்கே எடைக் கணக்கு தலைகீழ். பச்சைத் தண்ணீரை வடிகட்டிப் பாசியை எடை பார்த்தால் கைப்பிடிகூட வராது, மீனோ கூடை கூடையாக வரும். ஆங்கிலக் கால்வாயில் பார்த்தபோது சதுர மீட்டருக்கு மிதக்கும் நுண்பாசி 4 கிராம், அதை நம்பியிருந்த சின்ன உயிர்கள் 21 கிராம்! டீக்கடைக் கல்லாவை எப்போது திறந்தாலும் இருநூறு ரூபாய்தான் கிடக்கும், அதற்காகக் கடைக்காரர் நாள் முழுக்க இருநூறுக்குத்தான் விற்றார் என்று சொல்வோமா? பாசி ஒரு நாள், இரண்டு நாளில் இரட்டிப்பாகிறது, ஆனவுடன் தின்னப்பட்டுவிடுகிறது. இருப்பு வேறு, வரத்து வேறு. தராசு இருப்பைத்தான் காட்டும்.

குளம் பச்சையாகக் கிடக்கிறதே என்று தண்ணீரை முழுக்க இறைத்துப் புதுத் தண்ணீர் விட்டு, கெண்டை ஏன் கொழுக்கவில்லை என்று என்னிடம் வந்து கேட்ட அண்ணன் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், அவரே சிரிக்கிறார் பாருங்கள்.