இடிச் சத்தத்துக்குள் ஒரு தெளிவு

நேயர்களுக்கு வணக்கம். மெட்டல் இசை, அதாவது ராக் இசையின் கனமான, சத்தமான வகை, என்று சொன்னதுமே சிலருடைய கை ஒலியைக் குறைக்கப் போயிருக்கும். கொஞ்சம் பொறுங்கள். பாட்டைப் போட்டுக் காதைப் பிளக்கப் போவதில்லை, பேசத்தான் வந்திருக்கிறேன்.

பிரேசிலின் பெலோ ஒரிசோன்டே நகரத்தில் தொடங்கிய குழு செபுல்டுரா. அவர்கள் 1989-இல் வெளியிட்ட ஆல்பம் 'பினீத் த ரிமெய்ன்ஸ்'. மொத்தம் ஒன்பது பாட்டு. மெட்டலின் இரண்டு வகைகளான த்ராஷும் டெத் மெட்டலும் கலந்த இசைக்கு உதாரணம் கேட்டால், நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கலந்தது என்றால் என்ன? கிட்டார் வாசிப்பவரின் வலது கையைக் கவனித்திருப்பீர்கள். உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திகள் முடிகிற இடத்தருகே லேசாக வைத்துக்கொண்டு மீட்டினால், ஒலி நீளாமல் 'ஜக் ஜக்' என்று நறுக்கு நறுக்காக விழும். அதையே வெறி வேகத்தில் செய்வது த்ராஷ். டெத் மெட்டலில் அடித்தொண்டை உறுமலும், நெஞ்சில் வந்து உட்காருகிற கனமும் சேர்ந்துகொள்ளும். இந்த ஆல்பத்தில் கை த்ராஷினுடையது, கனம் டெத் மெட்டலினுடையது. குழுவின் பாடகர் மாக்ஸ் கவலேரா உறுமுகிறார், ஆனால் வார்த்தை புரிகிறது. வார்த்தை மட்டுமில்லை, ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறது. இந்தத் தெளிவைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தெளிவு எப்படி வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த கதை. 1988 டிசம்பர். ரியோ டி ஜெனீரோவில் ஒரு ஸ்டுடியோ. குழுவுக்குக் கிடைத்தது இரவு நேரம்: எட்டு மணிக்கு ஆரம்பித்தால் விடியற்காலை ஐந்து வரை. ட்ரம்ஸ் வாசித்த தம்பி இகோருக்கு அப்போது 18 வயது, அண்ணன் மாக்ஸுக்கு 19. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலிருந்து ஸ்காட் பர்ன்ஸ் என்ற ஒலிப்பதிவாளர் வந்திருந்தார். பின்னாளில் டெத் மெட்டல் என்றாலே அவர் பெயரைச் சொல்லும் அளவுக்கு வளர்ந்த மனிதர். வாங்கிய கூலி என்ன தெரியுமா? ஏறக்குறைய 2,000 டாலர். பிரேசிலைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை, அதனால் அவ்வளவு போதும் என்று ஒத்துக்கொண்டாராம். ஊர் சுற்ற வந்தவரை ராத்திரி முழுக்க ஸ்டுடியோவுக்குள் உட்கார வைத்துவிட்டார்கள்!

ஆனால் அந்த உழைப்பு வீண்போகவில்லை. வேகமான இசையைப் பதிவு செய்வதில் பெரிய தொல்லை, எல்லாம் ஒன்றோடொன்று குழைந்து இரைச்சலாகிவிடுவது. இரண்டு காலாலும் உதைக்கிற பேஸ் ட்ரம்மின் அடியும், கிட்டாரின் 'ஜக் ஜக்'கும் ஒரே இடத்தில் விழும்போது, எது எதுவென்று பிரிக்கவே முடியாது. இவர்களுடைய முந்தைய ஆல்பத்தில் ஆவேசத்துக்குக் குறைவில்லை, ஆனால் ஒலி மங்கல்தான். இதில் அப்படியில்லை. முதல் பாட்டு மென்மையான கிட்டாரோடு தொடங்கும். 'என்ன, மெட்டல் என்றார்களே?' என்று நினைப்பதற்குள் மொத்தக் குழுவும் பாய்ந்து வரும். அந்தப் பாய்ச்சலிலும் ட்ரம்ஸ் தனியாக, கிட்டார் தனியாகக் கேட்கும். சத்தம் கூடினால் கனம் கூடும் என்பது தப்பான கணக்கு. தெளிவு இருந்தால்தான் கனமே தெரியும். இதை நான் எங்கே போனாலும் சொல்வேன், இங்கேயும் சொல்லிவிட்டேன்.

சரி, நேரம் முடிகிறதென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். பாட்டு வரிகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். போர், மனத்தை ஆட்டுவிக்கும் கூட்டம், தன்னைத் தானே தேடுவது என்று போகும், அவ்வளவுதான் இப்போது சொல்ல முடியும். அப்புறம், மூன்றாவது பாட்டின் பின்குரல்களில் அபிச்சுவரி என்ற டெத் மெட்டல் குழுவின் பாடகர் ஜான் டார்டியும் இருக்கிறார். 1991-இல் வந்த அடுத்த ஆல்பம் 'அரைஸ்' தனியாக ஓர் உரைக்கு உரியது.

புதிதாகக் கேட்பவர்கள் நான்காவது பாட்டிலிருந்து தொடங்குங்கள், 'மாஸ் ஹிப்னாஸிஸ்'. நடுவில் வேகம் அடங்கி, கிட்டார் நிதானமாகப் பாடும் ஓர் இடம் வரும். அதுவரை ஒலியைக் குறைக்காதீர்கள். நன்றி, வணக்கம்.