அதே 60 சதவீதம்தான், ஆனால் எந்த வாரத்தில்?

வணக்கம் நேயர்களே. பிள்ளையைப் பொறியியல் கல்லூரியில் சேர்த்தவர்களுக்கு ‘அட்வைசர்’ என்ற பெயர் நன்றாகவே பழக்கம். அவரிடமிருந்து போன் வந்தால் வீட்டில் எல்லோர் முகமும் மாறிவிடும். அண்ணா பல்கலைக்கழக விதிமுறையிலேயே இருக்கிற பொறுப்பு இது. துறைத் தலைவர் ஓர் ஆசிரியரிடம் இத்தனை மாணவர்கள் என்று ஒப்படைப்பார். படிப்பு முடியும் வரை அவர்தான் அவர்களுக்கு ஃபேகல்டி அட்வைசர். திட்டுவதும் வீட்டுக்குப் போன் போடுவதும்தான் அந்த வேலை என்று பலர் நினைக்கிறார்கள், சில ஆசிரியர்கள் உட்பட. உண்மையில் அது கணக்குப் போடுகிற வேலை. அதுவும் காலத்தோடு போட வேண்டிய கணக்கு.

வருகைப்பதிவை எடுத்துக்கொள்வோம். 75 சதவீதம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது நாள் கணக்கில்லை, பீரியட் கணக்கு என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு 7 பீரியட் என்று வையுங்கள். பஸ் தாமதம் என்று தினமும் முதல் பீரியடை மட்டும் விடுகிற பையன், தான் ஒருநாள்கூட லீவு போடவில்லை என்றுதான் சொல்வான். ஆனால் ஏழில் ஒன்று போனாலே 14 சதவீதம் போய்விட்டது. மிச்சம் 11 சதவீதம்தான் கையிருப்பு. அப்புறம் ஒரு காய்ச்சல், ஊரில் ஒரு திருவிழா, அக்கா கல்யாணம்.

இன்னொரு கணக்கு சொல்கிறேன். பேனா எடுக்க வேண்டாம், காதில் வாங்கினால் போதும். வாரத்துக்கு 35 பீரியட், 15 வாரம்; மொத்தம் 525. அதில் 75 சதவீதம் என்றால் 394 பீரியட் வந்திருக்க வேண்டும். ஒரு மாணவருக்கு 60 சதவீதம்தான் இருக்கிறது என்று வைப்போம். ஆறாவது வார முடிவில் இதைப் பிடித்தால், மீதி ஒன்பது வாரத்தில் அவர் இன்னும் 47 பீரியட் விட்டாலும் தப்பித்துவிடலாம். எட்டாவது வாரத்தில் பிடித்தால், விடக்கூடியது 19 மட்டும். பத்தாவது வாரத்தில் பிடித்தால்? மீதி இருப்பதே 175 பீரியட், வேண்டியதோ 184. ஒன்றுகூட விடாமல் வந்தாலும் எட்டாது. அதே மாணவர், அதே 60 சதவீதம். பார்த்த வாரம்தான் வேறு.

அதனால்தான் அட்வைசர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: ஆறாவது வாரம். வருகைப்பட்டியலை விரித்து, சதவீதத்தை அல்ல, காலி விழுந்த கட்டங்களைப் பாருங்கள். திங்கள்கிழமை காலை மட்டும் காலி என்றால் ஊருக்குப் போய்த் திரும்புகிறவர். ஒரே பாடத்தில் மட்டும் காலி என்றால் அந்தப் பாடத்தின் மேலோ, அதை எடுப்பவர் மேலோ பயம். காலை பீரியட்கள் மட்டும் பரவலாகக் காலி என்றால், இரவு வேலைக்குப் போகிறாரா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். உணவு டெலிவரிக்குப் போகிற மாணவர்கள் இன்று நிறைய. “ஏன்டா வரல?” என்று கேட்டால் தலையைக் குனிவார்கள். “செவ்வாய்க்கிழமை ரெண்டாவது பீரியட் என்னப்பா?” என்று கேட்டால்தான் பதில் வரும்.

65-லிருந்து 75-க்குள் இருப்பவர்களுக்கு, உடல்நலக் குறைவு, விளையாட்டு போன்ற காரணம் இருந்தால் விலக்கு உண்டு. கண்டோனேஷன் என்பது அதுதான். மருத்துவச் சான்றிதழை உடம்பு தேறி வந்ததுமே கொடுத்துவிட வேண்டும். செமஸ்டர் கடைசியில் மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி போட்டு நீட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. 65-க்குக் கீழே போனால் தேர்வு எழுத முடியாது, அடுத்த செமஸ்டருக்கும் போக முடியாது. அடுத்த ஆண்டு ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும். வீட்டில் இதைச் சொல்ல முடியாமல் தவிக்கும் பிள்ளைகள் உண்டு. அந்தத் தகவலை அட்வைசரே, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெற்றோரிடம் சொல்வது நல்லது.

அடுத்தது இன்டர்னல், அதாவது கல்லூரியிலேயே போடுகிற மதிப்பெண். 2021 விதிமுறையில் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். 2025-ல் சேர்ந்தவர்கள் தங்கள் விதிமுறையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தியரி பாடத்தில் இன்டர்னல் 40, பல்கலைக்கழகத் தேர்வு 60; நூற்றுக்கு எழுதுகிற தேர்வை அறுபதாக்கிச் சேர்ப்பார்கள். மொத்தத்தில் 50 வேண்டும், தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் வேண்டும், அதாவது 60-க்கு 27. இதிலிருந்து ஓர் எண் பிறக்கிறது: 23. இன்டர்னல் 23 இருந்தால், தேர்வில் நூற்றுக்கு 45 எடுத்தாலே பாஸ். இன்டர்னல் 12 தான் என்றால் நூற்றுக்கு 64 எடுக்க வேண்டும். ‘செமஸ்டர்ல பாத்துக்கலாம் சார்’ என்கிற மாணவரிடம் இந்த இரண்டு எண்களையும் எழுதிக் காட்டுங்கள். அறிவுரை எதுவும் தேவைப்படாது. 23-க்கு மேல் எவ்வளவு இருந்தாலும் அந்த 45 குறையாது என்பதையும் சொல்லிவிடுங்கள். இன்டர்னல் 35 வைத்துக்கொண்டு தேர்வில் 40 எடுத்து அரியர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

அரியர் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கடிகாரம் விடவில்லை. சுருக்கமாக: நான்கைந்து அரியர் இருந்தால் எல்லாவற்றுக்கும் பணம் கட்டிவிட்டு எல்லாவற்றையும் அரைகுறையாகப் படிக்காதீர்கள். அடுத்த செமஸ்டர் பாடத்துக்கு அடிப்படையாக இருக்கும் தாளை முதலில் முடியுங்கள். கணிதம் என்றால் கணிதம்தான் முதலில். வளாக நேர்காணலுக்கு வரும் பல நிறுவனங்கள் நிலுவை அரியர் இருந்தால் உள்ளேயே விடுவதில்லை, ஆகவே ஏழாவது செமஸ்டருக்கு முன்னால் கணக்கைத் தீர்க்கப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. உடம்புக்கோ மனசுக்கோ முடியாமல் ஓர் ஆண்டு விட வேண்டி வந்தால், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். ‘பிரேக் ஆஃப் ஸ்டடி’ என்று முறையாக எழுதிக் கொடுக்கலாம். அந்த செமஸ்டர் தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசி நாளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அந்த இடைவெளியும் பட்டத்துக்கான ஏழு ஆண்டு உச்சவரம்புக்குள்தான் சேரும். விண்ணப்பத்தை அட்வைசரிடம்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், அவர் விடுப்பில் இருந்தால் துறைத் தலைவரிடம் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நேரம் முடிந்துவிட்டது என்கிறார்கள். நன்றி, வணக்கம்.