கெடுத்தது காசு அல்ல, கதைதான்!

நடுவர் அவர்களே, வணக்கம். 'ஹைலேண்டர் 2' என்ற ஆங்கிலப் படம் மண்ணைக் கவ்வியதற்குக் காரணம் பணமா, கதையா? எதிரணி நண்பர் அர்ஜென்டினாவைப் பற்றி உருக்கமாகப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார். படப்பிடிப்பு நடந்தபோது அங்கே விலைவாசி தாறுமாறாக ஏறியதாம், பணம் போட்டவர்கள் எடிட்டிங்கில் கைவைத்தார்களாம், இயக்குநர் ரஸ்ஸல் மல்கேஹி பாவமாம். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸைஸ்ட் என்றொரு கிரகத்தைப் படத்துக்குள் கொண்டுவந்தது பணவீக்கமா?

1986-ல் வந்த முதல் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து. போரில் குத்துப்பட்டுச் செத்திருக்க வேண்டிய கானர் மெக்லியோட் எழுந்து நடமாடுகிறான். பேய் வேலை என்று சொந்த ஊரே அடித்து விரட்டுகிறது. அப்புறம் ஷான் கானரி வருகிறார், அவனைப் போலவே சாகாவரம் பெற்ற குரு ராமிரெஸாக. 'இது ஏன் நடக்கிறது?' என்று கானர் கேட்டால், 'சூரியன் ஏன் உதிக்கிறது?' என்று திருப்பிக் கேட்கிறார். மொத்த விளக்கமும் அவ்வளவுதான். தியேட்டரில் யாராவது எழுந்து நின்று, எனக்கு இது பத்தாது என்றார்களா? கானரின் மனைவி ஹெதர் நரைத்து, தளர்ந்து, அவன் மடியிலேயே சாகிறாள். அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குக் காரணம் எதற்கு?

1991-ல் வந்த இரண்டாம் படத்தில் காரணம் சொன்னார்கள். அங்கேதான் வினை. ஓசோன் படலம் அழிகிறது, பூமிக்கு ஒரு கேடயம் கட்டுகிறார்கள், 2024-ல் உலகமே இருட்டுக்குள் கிடக்கிறது. நல்ல கரு! தனிப் படமாக வந்திருந்தால் கைதட்டியிருப்பேன். ஆனால் அதோடு விட்டார்களா? சாகாவரம் பெற்றவர்கள் எல்லாம் ஸைஸ்ட் என்ற அந்த வேற்றுக்கிரகத்திலிருந்து நாடுகடத்தப்பட்டவர்களாம்.

அந்த உலகத்தில் இருந்தது ஒரே சட்டம், தலை போனால் உயிர் போகும். முதல் படத்தில் ராமிரெஸின் தலை போய்விட்டது. இரண்டாவதில் கானர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், மனுஷர் ஹேம்லெட் நாடக மேடையில் வந்து நிற்கிறார்! இனி யார் வாளை உருவினால் எனக்கென்ன பயம்?

காசுதான் கெடுத்தது என்பவர்களுக்கு மல்கேஹியே பதில் வைத்திருக்கிறார். பின்னால் வந்த 'ரெனிகேட்' பதிப்பில் அவர் ஸைஸ்டையே வெட்டி எறிந்தார். அதற்குப் பதிலாக என்ன வைத்தார்? இவர்கள் பூமியின் ஏதோ பழங்காலத்திலிருந்து வந்தவர்கள் என்றார்! கிரகம் போய்க் காலம் வந்தது, விளக்கம் போகவில்லை. அடுத்து வந்த மூன்றாம் படமோ, இப்படியொரு பாகம் வந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்து வரும் எதிரணி நண்பர் விலைவாசியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: இரண்டாம் படத்தின்படி ஒரே கிரகத்தில் தோளோடு தோள் நின்று போராடிய கானரும் ராமிரெஸும், முதல் படத்தில் ஸ்காட்லாந்தில் சந்தித்தபோது முன்பின் தெரியாதவர்களாக நின்றார்களே, ஏன்?