மாரடைப்பு வைத்தியத்தில் கூட்டியதும் கழித்ததும்

அவையோருக்கு வணக்கம்.

1950-க்கு முன்னால் மாரடைப்புக்கு வைத்தியம் என்றால் படுக்கைதான். ஆறு வாரம்வரை அசையக் கூடாது, சோறும் ஊட்டித்தான் விடுவார்கள். படுத்தே கிடந்ததில் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலை அடைத்துச் செத்தவர்கள் உண்டு. 1952-இல் லெவைன், லவுன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் நோயாளியை நாற்காலியில் உட்காரவைக்கலாம் என்று எழுதினார்கள். பழக்கத்திலிருந்த ஒரு வைத்தியத்தைக் கைவிட்டதே முன்னேற்றமானது.

1960-களில் மாரடைப்பு நோயாளிகளுக்கான தனித் தீவிர சிகிச்சைப் பிரிவு, அதாவது சி.சி.யு. வந்தது. இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டரைப் பார்த்து, டாக்டருக்காகக் காத்திராமல் மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுக்கத் தெரிந்த செவிலியர்தான் அதன் உயிர்நாடி. ஆனால் துடிப்புக் கோளாறைத்தான் அங்கே சரிசெய்ய முடிந்தது; இதய ரத்தக்குழாயின் அடைப்பு அப்படியே இருந்தது. ரத்தக்கட்டி மாரடைப்பின் காரணமா விளைவா என்ற சண்டைகூட ஓயவில்லை. 1980-இல் டிவுட் குழு, வலி தொடங்கி நாலு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ (ரத்தக்குழாயின் எக்ஸ்ரே படம்) எடுத்தவர்களில் 87 சதவீதம் பேருக்கு ரத்தக்குழாய் முழுதாக அடைத்திருந்ததைக் காட்டியது.

பிறகு கட்டியைக் கரைக்கும் காலம். 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 பேர். ஐந்து வாரத்தில் இதய, ரத்தக்குழாய் நோய்களால் இறந்தவர்கள், இரண்டு மருந்தும் பெறாதவர்களில் 13.2 சதவீதம், கட்டியைக் கரைக்கும் மருந்தான ஸ்ட்ரெப்டோகைனேஸும், அதோடு ஆஸ்பிரினும் சேர்த்துப் பெற்றவர்களில் 8 சதவீதம். ஆய்வாளர்கள் ராசிவாரியாகவும் பிரித்துப் பார்த்தார்கள். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் பலிக்கவில்லை! கணக்கை இஷ்டத்துக்குக் கூறுபோட்டால் இப்படித்தான் வரும் என்று காட்டவே அதைச் சேர்த்தார்கள்.

ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் யூனிட், 30 முதல் 60 நிமிடத்தில் ஏற்ற வேண்டும். பாதியில் பிரஷர் இறங்கும். பெரும்பாலும் அது ஒவ்வாமை அல்ல, ஏற்றும் வேகத்தின் விளைவு. காலை உயர்த்தி, டிரிப்பை மெதுவாக்கினால், தேவைப்பட்டால் சற்று நிறுத்தினால் ஏறிவிடும். அலர்ஜி என்று பயந்து மருந்தையே விட்டுவிடுவதுதான் நடக்கிற தவறு. 60 முதல் 90 நிமிடத்தில் மறுபடி ஈசிஜி எடுங்கள். அதில் மாரடைப்பைக் காட்டும் எஸ்.டி. கோட்டின் ஏற்றம் பாதியாவது இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் கட்டி கரையவில்லை, உடனே கேத் லேபுக்கு, அதாவது ஆஞ்சியோ எடுத்து அடைப்பைத் திறக்கும் அறைக்கு, அனுப்ப வேண்டும். வலி குறைந்ததை மட்டும் நம்பக் கூடாது. வலிமருந்தான மார்ஃபின் போட்டாலும் வலி குறையும்.

கம்பி விட்டுப் பலூனால் அடைப்பைத் திறக்கும் நேரடி ஆஞ்சியோபிளாஸ்டி, கரைக்கும் மருந்தைவிட மேல்தான். 2003-இல் 23 ஆய்வுகளைத் தொகுத்தபோது, குறுகிய கால இறப்பு 9-க்குப் பதில் 7 சதவீதம். ஆனால் ஈசிஜியில் உறுதியானதிலிருந்து 120 நிமிடத்துக்குள் கம்பி அடைப்பைத் தாண்டிப் போகாது என்றால், கரைக்கும் மருந்தை முதலில் போட்டுவிட வேண்டும்.

இதற்கிடையில் கழித்தவையும் பல. துடிப்புக் கோளாறை அடக்கினால் உயிர் பிழைக்கும் என்று கொடுத்த ஃபிளெக்கனைடு என்ற மருந்து, சாவைக் கூட்டுகிறது என்று 1989-இல் தெரிந்தது. இதயத் துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தை எடுத்தவுடன் நரம்பில் போடும் வழக்கத்தை 2005-இல் சீனாவில் நடந்த கமிட் ஆய்வு அசைத்தது: ஆயிரம் பேருக்கு மறு அடைப்பில் 5 குறைந்தது, கார்டியோஜெனிக் ஷாக்கில் (இதயம் போதிய ரத்தம் இறைக்க முடியாமல் பிரஷர் சரியும் நிலை) 11 கூடியது. ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்கு மேல் இருப்பவருக்கு மாஸ்க் போட்டுப் பயனில்லை என்று 2017-இல் ஸ்வீடனில் தெளிவானது. இன்றும் மாஸ்க் போடாவிட்டால் உறவினர்கள் சண்டைக்கு வருகிறார்கள், அது வேறு விஷயம்.

நம் தமிழ்நாட்டில், சிறிய மருத்துவமனைகளைக் கேத் லேப் உள்ள பெரியவற்றோடு இணைத்து 2,420 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. இணைப்புக்குப் பின் ஆஞ்சியோ எடுப்பவர்கள் பெருகினார்கள்; ஓராண்டு இறப்பு 17.6-லிருந்து 14.2 சதவீதமானது. ஆகவே கட்டி கரைந்து வலி நின்றுவிட்டாலும் நோயாளியைச் சிறிய மருத்துவமனையிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம். அடியில் இருக்கிற கொழுப்புத் திட்டு அப்படியேதான் இருக்கிறது, மறுபடி அடைக்கும். மருந்து ஏற்றியதிலிருந்து 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ நடக்கும்படி, டிரிப் ஓடும்போதே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுங்கள்.