சூடு தாங்கும் நொதியம்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று இரவு சாப்பிடும்போது ஒரு வாய்ச் சோற்றைக் கறி சேர்க்காமல் மென்று பாருங்கள். உடனே விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால் மெல்ல இனிக்கத் தொடங்கும். சோற்றில் யாரும் சீனி போடவில்லை. உமிழ்நீரில் உள்ள அமைலேசு என்ற நொதியம் (வேதிமாற்றத்தை விரைவாக்கும் புரதம்) மாப்பொருளின் நீண்ட சங்கிலியை வெட்டி வெல்லமாக்குகிறது. பங்கசும், அதாவது பூஞ்சணமும், இதையேதான் செய்கிறது. ஆனால் அதற்கு வாயுமில்லை, வயிறுமில்லை. நொதியத்தை வெளியே கசியவிட்டு, உணவை வெளியிலேயே கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். மறந்துபோய் வைத்த பாணில் பச்சையாகப் பூக்கிறதே, அங்கே நடப்பதும் இதுதான். வெளியே கசிவதால் அந்த நொதியத்தை நாம் தண்ணீர் விட்டுக் கழுவியே எடுத்துவிடலாம்.

இதை வியாபாரமாக்கியவர் ஜப்பானியரான ஜோகிச்சி தகாமினே. அமெரிக்காவில் இருந்துகொண்டு, கோதுமைத் தவிட்டில் அஸ்பெர்ஜிலஸ் ஒரைசே என்ற பங்கசை வளர்த்து, 1894இல் காப்புரிமை பெற்றார். விஸ்கி வடிப்பவர்களுக்கென்று தொடங்கிய வேலை, கடைசியில் அசீரண மருந்தாக விற்றது.

செய்முறை அன்றைக்கும் இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. தவிட்டை ஈரமாக்க வேண்டும். கையில் பிடித்தால் பிடியாக நிற்கவும் வேண்டும், தண்ணீர் சொட்டவும் கூடாது. ஆவியில் அவித்து, ஆறவிட்டு, பங்கசின் விதை போன்ற வித்திகளைத் தூவி, தட்டுகளில் பரப்பி வைத்தால் சில நாட்களில் வெள்ளைப் பஞ்சாகப் படரும். பிறகு கரைத்து வடிக்க வேண்டியதுதான்.

சொல்ல இலகு. நான் முதன்முதலில் செய்தபோது, தட்டுகள் போதாதென்று தவிட்டை நாலு விரல் உயரத்துக்குக் குவித்துவிட்டேன். மறுநாள் கையை உள்ளே விட்டால் சுட்டது! பங்கசு மூச்சுவிடும்போது வெப்பம் வெளிவிடுகிறது. தவிட்டுக்குள் அது வெளியேற வழியில்லை. நடுவில் பங்கசு செத்து, அந்த இடத்தில் பற்றீரியா குடியேறி, ஆய்வுகூடமே நாறியது. கொழும்பின் வெக்கையில் இதுதான் முதல் எதிரி. குளிரூட்டி வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் மின்கட்டணம் கட்டிய பிறகு இலாபத்தில் என்ன மிஞ்சும்?

ஆகவே சூட்டையே விரும்பும் பங்கசைத் தேடுவது புத்திசாலித்தனம். அதிகாலையில் குப்பை எருக் குவியலிலிருந்து ஆவி பறப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்தக் குவியல்தான் தேர்மோமைசிஸ் லனுஜினோசஸ் என்ற பங்கசின் வீடு. மற்றப் பங்கசுகள் பெரும்பாலும் வாடிவிடும் 50 பாகை செல்சியஸில் அது செழித்து வளர்கிறது. தட்டு சூடானாலும் கவலையில்லை. கெடுக்க வரும் கிருமிகளில் பலவும் அந்தச் சூட்டில் தலைகாட்டா. அது தரும் அமைலேசு 60 பாகையிலும் வேலை செய்கிறது. அதில் இன்னொரு வசதி உண்டு. கஞ்சி காய்ச்சுபவர்களுக்குத் தெரியும், அரிசி மா ஏறத்தாழ 65, 70 பாகையில்தான் இளகித் தடிக்கிறது. மாப்பொருள் இளகும் சூட்டுக்குப் பக்கத்திலேயே நொதியமும் உயிரோடிருந்தால் வெட்டும் வேலை விரைவாகும். சிறிது கல்சியம் இருந்தால் அமைலேசு இன்னும் உறுதியாக நிற்கும்.

அதற்காக நூறு பாகை தாங்க வேண்டும் என்று ஆசைப்படத் தேவையில்லை. அந்த இடத்தை பசிலஸ் லைகெனிஃபோமிஸ் என்ற பற்றீரியாவின் நொதியம் எப்போதோ பிடித்துவிட்டது. பேக்கரிக்காரர்களோ நேர்மாறாகக் கேட்பார்கள். போறணையில் சீக்கிரம் செயலிழக்கும் நொதியம்தான் அவர்களுக்கு நல்லது; தாக்குப்பிடித்தால் பாண் உள்ளே பிசுபிசுத்துவிடும்.

‘கழிவிலிருந்து நொதியம்’ என்று பெருமையாகப் பேசுகிறோம். தவிடும் புண்ணாக்கும் கழிவா? மாடு வளர்ப்பவரிடம் கேட்டுப் பாருங்கள், விலை சொல்வார். நாமும் போய் அதை வாங்கினால் விலை ஏறும், பால்காரர் திட்டுவார். மரவள்ளித் தோலும், பேலியகொடைச் சந்தையில் ஒதுக்கிய உருளைக்கிழங்கும் எனக்கு நியாயமாகப் படுகின்றன. அவை சீக்கிரம் அழுகும் என்பது உண்மைதான். அங்கேயும் 50 பாகையில் வளரும் பங்கசு கைகொடுக்கும்.

வீட்டில் பங்கசு வளர்க்க மட்டும் இறங்காதீர்கள். அஸ்பெர்ஜிலஸ் ஒரைசேயின் நெருங்கிய உறவான அஸ்பெர்ஜிலஸ் பிளேவஸ், ஈரப் புண்ணாக்கில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்கும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

மாணவர்களுக்கு வேறொன்று சொல்கிறேன். தண்ணீராக இருக்கும் ஆறிய கஞ்சியை இரண்டு கோப்பைகளில் ஊற்றுங்கள். ஒன்றில் உமிழ்நீரும், மற்றதில் கொதிக்கவைத்து ஆறிய உமிழ்நீரும் விடுங்கள். அரை மணி கழித்து, பாமசியில் வாங்கிய அயடீன் ஒரு சொட்டு இடுங்கள்; மாப்பொருளைக் கண்டால் அது நீலமாகும். குடித்துவிடாதீர்கள். முதல் கோப்பையில் நீலம் மங்கியிருக்கும், அல்லது வரவே வராது. கொதித்த உமிழ்நீர் விட்ட கோப்பை கடும் நீலமாகிவிடும்.